மூலிகை டீ குடித்தால் பூச்சி மருந்து விஷம் முறியுமா?

மாதுங்கா மார்க்கெட்டில் மாலை 6 மணிக்கு மேல் கீரைக்காரர்களைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். புதினா, கொத்தமல்லிக்குப் பக்கத்தில் நீளநீளமாகப் புல்லைப் போல ஒரு கட்டு கிடக்கும். மராட்டியர்கள் அதை 'கவ்தி சஹா' என்பார்கள். புல் டீ என்று அர்த்தம். நம்மவர்களுக்கு அது எலுமிச்சைப் புல்.

மழைக்காலத்தில் அதை நறுக்கிப் போட்டு, இஞ்சி தட்டி, டீ கொதிக்க வைத்தால் மாடிப்படி முழுவதும் மணக்கும். தடுமனுக்கு இதம். தொண்டைக்குச் சுகம். யாரும் அதற்கு மேல் எதையும் அதனிடம் எதிர்பார்த்தது இல்லை.

இப்போது அதற்குப் புதிதாக ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்கள். காய்கறியோடு வயிற்றுக்குள் போகும் பூச்சி மருந்து மூளையைத் தாக்காமல் இந்த டீ தடுத்துவிடுமாம்! செல்போனில் வரும் செய்திகள் அப்படிச் சொல்கின்றன. ஒரு நாள் வல்லாரை டீ, மறுநாள் துளசி டீ, அதற்கு அடுத்த நாள் ஆவாரம்பூ டீ என்று பட்டியல் நீள்கிறது.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் போய், "அண்ணாச்சி, மூளைக்கு எது நல்லது?" என்று கேட்டால் வல்லாரைப் பொடி பொட்டலம் கைக்கு வந்துவிடும். குடிப்பதால் என்ன கெட்டுப் போகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றும் கெடாது. ஆனால் விஷம் உடலில் ஏறிய ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் உயிரே போய்விடும்.

தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களில் பலருக்கு ஊரில் இன்னும் நிலம் இருக்கிறது. அண்ணன் தம்பி யாராவது வயலில் மருந்து அடிக்கிறார்கள். "மருந்து அடித்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை, என்ன செய்வது?" என்று ராத்திரியில் போன் வந்தால், மும்பையில் இருப்பவர் சொல்லும் பதில் முக்கியமானது.

1958-ல் நடந்த பயங்கரம்

இந்தியாவில் பூச்சி மருந்தின் கொடுமையை நாடு முழுவதும் முதன்முதலில் உணர்ந்தது 1958-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில்தான்.

கேரளாவிலும், அன்றைய சென்னை மாகாணத்திலும் ரொட்டி, பலகாரம் என்று வழக்கமான உணவைச் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. பிறகுதான் 'பாலிடால்' என்ற பெயர் வெளியே வந்தது. பாரத்தியான் என்ற கடுமையான பூச்சி மருந்தின் வியாபாரப் பெயர் அது. உணவுப் பொருட்கள் கப்பலில் வந்தபோது அந்த விஷம் கசிந்து அவற்றில் கலந்திருந்தது.

இதை விசாரிக்க மத்திய அரசு ஒரு கமிஷனை நியமித்தது. அதன் தலைவர் பம்பாய் ஐகோர்ட்டு நீதிபதி ஜே.சி.ஷா. பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவரும், நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை 1977-ல் விசாரித்தவரும் இவரேதான். 'ஷா கமிஷன்' என்றால் எல்லோருக்கும் இரண்டாவது கமிஷன்தான் நினைவுக்கு வருகிறது. அரிசி, கோதுமை மூட்டையோடு விஷ டின்னை ஏற்றக்கூடாது என்ற பாடத்தைக் கற்றுத் தந்த முதல் கமிஷனை மறந்துவிட்டார்கள்.

அந்தச் சம்பவத்தின் விளைவாகத்தான் 1968-ம் ஆண்டு பூச்சி மருந்துச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1971-ல். இன்று பூச்சி மருந்து டப்பாவின் மேல் சாய்சதுரத்துக்குள் தெரியும் வண்ண முக்கோணம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை ஓரளவு குறைந்தது. பச்சை முக்கோணம் என்றால் விஷமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. எதுவுமே குடிக்கும் பொருள் அல்ல.

சட்டம் வந்தும் பாத்திரப் பிரச்சினை தீரவில்லை. 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாநிலத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். உணவில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சி மருந்து இருந்தது. 1958-க்கும் 2013-க்கும் இடையே 55 வருடம்! உணவும் விஷமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் இரண்டிலும் கதை.

தாராவி 13-வது காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் கேன்களும் டிரம்களும் மலைபோல் குவிகின்றன. கழுவி விற்கப்படும் டிரம் மலிவாகக் கிடைக்கிறது. தண்ணீர் பிடித்து வைக்க வாங்குகிறவர்கள், அதில் முன்பு என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்க வேண்டும். பதில் சரியாக வராவிட்டால் வேறு டிரம் பார்க்கலாம்.

மூளையில் என்ன நடக்கிறது?

பாரத்தியான், மோனோகுரோட்டபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் ஒரே குடும்பம். 'ஆர்கனோபாஸ்பரஸ்' வகை என்று டாக்டர்கள் சொல்வார்கள். இவை பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்காகவே செய்யப்பட்டவை. கெட்ட நேரம், பூச்சியின் நரம்பும் மனிதனின் நரம்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி வேலை செய்கின்றன.

ரெயில் சிக்னலை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். வண்டி போக வழிவிட்டு சிக்னல் விழுகிறது. வண்டி கடந்ததும் சிக்னல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பின்னால் வரும் வண்டி எல்லாம் புகுந்துவிடும்.

நம் நரம்புகளில் 'அசிட்டைல்கோலின்' என்ற ரசாயனம்தான் வழிவிடும் சிக்னல். வேலை முடிந்ததும் அதை உடைத்துச் சிக்னலை மறுபடி நிமிர்த்துவது ஒரு நொதி. பூச்சி மருந்து அந்த நொதியின் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறது. சிக்னல் விழுந்தபடியே கிடக்கிறது. உத்தரவுக்கு மேல் உத்தரவு பாய்கிறது.

விளைவு? கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கும். வாயில் எச்சில் ஊறி வழியும். வியர்வை கொட்டும். வயிற்றைப் பிசையும், வாந்தி, பேதி வரும். தசைகள் தானாகத் துடிக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். மூளை குழம்பி மயக்கம், வலிப்பு வரை போகும். விஷத்தைக் குடித்தால்தான் இப்படி என்று இல்லை. தோல் வழியாகவும் ஏறும், மூச்சு வழியாகவும் ஏறும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் நாள் சிகிச்சையில் தேறி, "பிழைத்துக்கொண்டான்" என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில், கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென்று செயல் இழக்கும். தலையைத் தூக்க முடியாது. விஷம் ஏறி 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் இது வரும். இலங்கை டாக்டர்கள் 1987-ம் ஆண்டு இதைப் பிரித்து அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

யவத்மாலில் விழுந்த விவசாயிகள்

நம் மாநிலத்திலேயே நடந்ததைப் பாருங்கள். யவத்மால், விதர்ப்பாவின் பருத்திச் சீமை. மும்பையில் இருந்து ஹவுரா மார்க்கத்தில் போய் தாமன்காவ் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தால் போகலாம்.

2017-ம் ஆண்டு அங்கே பருத்தி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. பூச்சித் தாக்குதலும் அதிகம். இரண்டு, மூன்று மருந்துகளைக் கலந்து அடித்தார்கள். அடித்தவர்களில் பலர் நிலச் சொந்தக்காரர்கள் அல்ல, கூலிக்காரர்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. செடி தலைக்கு மேல் இருந்ததால் தெளித்த மருந்து முகத்திலேயே திரும்பி விழுந்தது. மழைக்காலப் புழுக்கத்தில் வியர்த்து நனைந்த சட்டையோடு மருந்தும் ஒட்டிக்கொண்டது.

அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கண் பார்வை மங்கியவர்கள் உண்டு. அரசு சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. அங்கே பேசப்பட்ட மருந்துகளில் மோனோகுரோட்டபாசும் ஒன்று. அதற்குத் தடை விதிக்கும் உத்தரவை மத்திய அரசு 2023-ம் ஆண்டுதான் வெளியிட்டது.

யவத்மால் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவர்களுக்கு எந்த மூலிகை டீயும் உதவியிருக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது அட்ரோபின் ஊசி, ஆக்சிஜன், மூச்சு நின்றால் செயற்கை சுவாசக் கருவி.

மாற்று மருந்தும் ஒரு மூலிகைதான்!

இதில் ஒரு வேடிக்கை. இந்த விஷத்துக்கு உலகம் முழுவதும் டாக்டர்கள் முதலில் எடுக்கும் அட்ரோபின், மூலிகையில் பிறந்ததுதான். பெல்லடோனா என்ற ஐரோப்பியச் செடியில் இருக்கிறது. நம் ஊர் ஊமத்தையிலும் அதன் இனத்துச் சத்துகள் உள்ளன.

அப்படியானால் ஊமத்தை இலையை அரைத்துக் கொடுக்கலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! ஒரு இலையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஊமத்தையே ஒரு விஷம். டாக்டர் அட்ரோபினை ஊசியில் அளந்து ஏற்றி, நோயாளியின் நெஞ்சில் நீர்ச் சத்தம் குறைகிறதா, நாடி எப்படி ஓடுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துத்தான் அடுத்த அளவைத் தீர்மானிக்கிறார். மருந்து ஒன்றுதான். அளவுதான் அதை மருந்தாகவும் விஷமாகவும் ஆக்குகிறது.

அட்ரோபினோடு பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்தும் கொடுப்பது வழக்கம். கட்டிப் போடப்பட்ட நொதியை அவிழ்த்துவிடுவது அதன் வேலை. ஆனால் அது எதிர்பார்த்த அளவு பலன் தருகிறதா என்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1990-களில் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். பெரிய பலன் தெரியவில்லை. பல ஆண்டுகளாக ஆஸ்பத்திரிகளில் புழங்கிய மருந்தையே இப்படி உரசிப் பார்க்கிறார்கள். செல்போன் செய்தியில் வரும் டீயை யார் இப்படி உரசிப் பார்த்தார்கள்?

வல்லாரையும் நீர்ப்பிரம்மியும்

மூலிகைகளில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. நடந்தது எதில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் நீர்ப்பிரம்மியை எடுத்துச் சோதித்தார்கள். 2009-ம் ஆண்டு முடிவு வெளியானது. ரோட்டினோன் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்தால் நரம்பு கெட்டு, கண்ணாடிக் குப்பியின் சுவரில் ஏற முடியாமல் தடுமாறும். நீர்ப்பிரம்மிச் சாறும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கெடுதல் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் சுவர் ஏறியது மனிதர்கள் அல்ல, பழ ஈக்கள்!

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வல்லாரையில் உள்ள ஆசியாட்டிக் அமிலத்தைச் சோதித்தார்கள். அதே ரோட்டினோன் விஷத்தில் இருந்து நரம்பு அணுக்களை அது ஓரளவு காப்பாற்றியது. 2017-ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவை, கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட மனித அணுக்கள். ஒரு முழு மனிதரின் வயிறு, ஈரல், ரத்தம் என்ற கடம்பைகளை எல்லாம் தாண்டி மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய கஷ்டம் அந்த அணுக்களுக்கு இல்லை. அந்த அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதும் கவனிக்க வேண்டியது. தட்டில் தூய பொருளை ஊற்றுவது வேறு, நாலு இலையை வெந்நீரில் போட்டு வடிகட்டிக் குடிப்பது வேறு.

இரண்டு ஆய்விலும் வந்த ரோட்டினோன் எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? சில கொடிகளின் வேரில் இருந்து! வெளிநாட்டு ஆதிவாசிகள் அந்த வேரை நசுக்கி ஆற்றில் போட்டு மீன் பிடித்தார்கள். அதுவும் 'இயற்கை'தான். மூலிகை என்றாலே தீங்கு செய்யாது என்று சத்தியம் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வேர் போதும்.

பூச்சி மருந்துக்கும், கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரோட்டினோன், பாராகுவாட் ஆகியவற்றோடு பழகிய விவசாயத் தொழிலாளர்களிடம் அந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அதனால்தான் விஞ்ஞானிகள் சோதனைக்கு ரோட்டினோனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த நோய்க்கு இன்றும் முக்கிய மருந்து எல்-டோபா. இது நம் பூனைக்காலி விதையில் இருக்கிறது. அதைப் பிரித்து எடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தாமோதரனும் ராமசாமியும். ஆண்டு 1937! நோயாளிகளுக்கு அது மருந்தாகப் பயன்படத் தொடங்கியது 1960-களில்தான். 1995-ல் பூனைக்காலிப் பொடியையே 60 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துச் சோதித்த ஆய்வும் வெளியானது. நடுக்கமும் விறைப்பும் குறைந்தன. ஆனால் அது நோயின் தொல்லையைக் குறைத்தது. பூச்சி மருந்து நுழையாமல் மூளைக்கு வேலி போடவில்லை. ஏற்கனவே பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இந்தப் பொடியைச் சேர்த்துக்கொண்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

டீயிலேயே இருந்தால்?

விஷத்தை முறிக்கக் குடிக்கும் டீயிலேயே அந்த விஷம் இருந்தால் என்ன செய்வது?

2014-ம் ஆண்டு கிரீன்பீஸ் அமைப்பு இந்தியக் கடைகளில் விற்ற 49 டீத்தூள் மாதிரிகளைச் சோதித்தது. 46-ல் ஏதாவது ஒரு பூச்சி மருந்தாவது இருந்தது. இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள்தான் இருக்கிறது என்று தேயிலை வாரியம் பதில் சொன்னது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி நடவடிக்கை எடுத்தன. கிருமியைக் கொல்லப் பயன்படும் வாயு அது.

இலையில் இருக்கும் மருந்து எல்லாம் டீயில் இறங்கிவிடுமா? இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீரில் கரையும் மருந்துகள், உதாரணமாக மோனோகுரோட்டபாஸ், இமிடாகுளோபிரிட் போன்றவை, வெந்நீரில் தாராளமாக இறங்கும். டி.டி.டி. போலக் கொழுப்பில் கரைபவை பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடும். அப்படிப் பார்த்தால் இலையைப் பொடியாக்கி அப்படியே தேனில் குழைத்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் இலையில் உள்ளது அத்தனையும் உள்ளே போகும். நல்லதும் போகும், கெட்டதும் போகும்.

மும்பை லோக்கல் ரெயிலில் போகிறவர்கள் தண்டவாள ஓரத்துக் கீரைப் பாத்திகளைப் பார்த்திருப்பார்கள். பாலக், வெந்தயம், தண்டுக்கீரை, வெண்டை எல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்கும். பல இடங்களில் சாக்கடை நாலாத் தண்ணீரே பாய்ச்சல். அங்கே கவலை பூச்சி மருந்து மட்டும் அல்ல. கிருமியும் ஈயமும் சேர்ந்துகொள்கின்றன. செடியின் உள்ளேயே ஏறிவிட்ட ஈயத்தை எந்தக் கழுவலும் வெளியே எடுக்காது.

பத்துக்குப் பத்து அறையில்

வயலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகாமலே மருந்து நம் வீட்டுக்குள் இருக்கிறது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் சமையலும் படுக்கையும் ஒன்றாக நடக்கும். மூட்டைப்பூச்சி, கரப்பான், எலி, கொசு எல்லாவற்றோடும் ஒரே அறையில் போராட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு மருந்து அடித்துவிட்டு, அதே பாயில் குழந்தையைப் படுக்க வைக்கிறார்கள்.

நியூயார்க் நகரத்தில் இதே போன்ற ஏழைக் குடும்பங்களை வைத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. அங்கே கரப்பானை ஒழிக்க அடுக்குமாடி வீடுகளில் அடித்த மருந்து குளோர்பைரிபாஸ். பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருந்தது என்று அளந்து வைத்துக்கொண்டு, 265 குழந்தைகளை 7 வயதில் சோதித்தார்கள். மருந்து அதிகம் இருந்த குழந்தைகளுக்கு நினைவாற்றலும் புத்திக்கூர்மை மதிப்பெண்ணும் குறைவாக இருந்தன. 2011-ல் இது வெளியானது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அந்த மருந்தை 2001-லேயே நிறுத்தி இருந்தார்கள். 2025-ம் ஆண்டு மே மாதம் உலக நாடுகள் சேர்ந்து, சில விதிவிலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தன.

மூளைக்கு டீ தேடுகிற கர்ப்பிணிப் பெண், முதலில் தன் அறையில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று பார்ப்பது மேல்.

ஸ்டேஷன் வாசலில் பெயர் இல்லாத பாட்டிலிலும் பொட்டலத்திலும் விற்கும் மூட்டைப்பூச்சி மருந்து, எலி மருந்துகளை வாங்கவே கூடாது. முக்கோணமும் இல்லை, பெயரும் இல்லை. ஆபத்து என்று வந்தால் டாக்டரிடம் என்னவென்று சொல்வது? மூட்டைப்பூச்சிக்கு ஒரு காலத்தில் அதிகம் புழங்கிய டைகுளோர்வாஸ் 2020-ம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் மூட்டைப்பூச்சிக்கு வைப்பது அதைவிட மோசம். ஈரக்காற்று பட்டால் விஷ வாயு கிளம்பும். சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது.

மூட்டைப்பூச்சிக்குப் பாட்டி காலத்து வைத்தியமே போதும். கட்டில் சட்டத்திலும் இடுக்கிலும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும், போர்வை தலையணையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவதும்தான் அது. கை வலிக்கும். விஷம் இல்லை.

விஷம் ஏறிவிட்டால்

மருந்து அடித்தவருக்கோ, தவறிக் குடித்தவருக்கோ தலை சுற்றி, எச்சில் வழிந்து, வியர்த்துக் கொட்டினால் நேரம் கடத்தக் கூடாது. உடனே நல்ல காற்றுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். மருந்து பட்ட துணியைக் கழற்றிவிட்டு உடம்பை சோப்புப் போட்டுத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். தலைமுடியை மறந்துவிடக் கூடாது. கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கிராமங்களில் உப்புக் கரைசல், புளித்தண்ணீர், சாணிக் கரைசல் வரை கொடுக்கிற வழக்கம் உண்டு. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதை ஊற்றினாலும், அது மூலிகைக் கஷாயமாகவே இருந்தாலும், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். விஷத்தில் பிழைக்க வேண்டியவர் அதிலேயே போய்ச் சேருவார். ஒருக்களித்துப் படுக்க வைத்து வண்டியில் ஏற்ற வேண்டும்.

மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். பாதி சிகிச்சை அந்த லேபிளில் இருக்கிறது. தாராவிக்காரர்களுக்கு சயான் லோகமான்ய திலகர் ஆஸ்பத்திரி பக்கம். செம்பூர்க்காரர்கள் காட்கோபர் ராஜாவாடிக்குப் போகலாம். ஆம்புலன்சுக்கு 108. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச போன் எண் 1800 116 117. ஊரில் இருந்து போன் வந்தாலும் இந்த எண்ணைச் சொல்லலாம்.

காய்கறியை என்ன செய்வது?

தினசரி காய்கறியில் இருக்கும் சிறு அளவுக்கு வழி டீயில் இல்லை, குழாயடியில் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டிய மருந்து கணிசமாகப் போகும். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி கல்லூரி, புளிக்கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்துப் பிறகு நல்ல தண்ணீரில் அலசச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இருந்து போகும் கறிவேப்பிலைதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி!

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2017-ல் ஆப்பிளைச் சோதித்தது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது தோல் மேல் இருந்த இரண்டு மருந்துகளும் போய்விட்டன. தோலுக்குள் இறங்கியது மட்டும் போகவில்லை. தோலைச் சீவினால் அதுவும் போகும். முட்டைக்கோசின் வெளி இலைகள் இரண்டை உரித்து எறிவதும் இதே கணக்குதான்.

கவ்தி சஹா வாங்குகிறவர்களும் கட்டை அவிழ்த்து, அடித்தண்டை நறுக்கி எறிந்து, இலை இலையாகக் கழுவிய பிறகு கொதிக்கும் தண்ணீரில் போடலாம். சுக்கு மல்லிக் காப்பிக்கு மல்லியைக் களைந்து காயவைத்து வறுப்பார்கள். அந்தப் பழைய வழக்கம் மாதுங்காவில் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.